மே மாத முகாமுக்கு 20 லிட்டர் கூல் ஜக்: குழாயைப் பார்த்து வாங்குங்கள்

நாற்பது பிள்ளைகள் வரும் கோடை முகாமுக்கு 20 லிட்டர் கூல் ஜக் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்று போதாது, மூன்று வேண்டும். குளிர்ச்சியைக் காக்கும் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) அடைத்த சுவர், கை முழுசாக உள்ளே போகும் வாய், அழுத்தினால் மட்டும் திறக்கும் குழாய் ஆகிய மூன்றும் இருக்கிற ஜக்காகப் பார்த்து எடுக்க வேண்டும். இதில் குழாய் சரியில்லை என்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

முதலில் ஏன் மூன்று என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஓடியாடும் நேரத்தில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நடுவாக 150 மில்லி என்று வைத்தாலும் காலை 7.30 முதல் 10.30 வரை ஒரு பிள்ளைக்கு 1.35 லிட்டர், நாற்பது பேருக்கு 54 லிட்டர். வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது இந்தக் கணக்கில் கை வைக்கவே கூடாது. தாகம் எடுத்தால் குடித்துக்கொள்வார்கள் என்று விட்டால், விளையாட்டு மும்முரத்தில் பாதிப் பேர் குடிக்கவே மாட்டார்கள். விசில் அடித்து எல்லோரையும் வரவழைத்துக் குடிக்க வைக்க வேண்டும். அப்படி நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது ஒரு குழாய் மட்டும் இருந்தால் வரிசையின் கடைசிப் பிள்ளைக்கு இடைவேளையே முடிந்துபோகும்.

இப்போது குழாய். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. திருகும் குழாயில் தண்ணீர் நன்றாக வரும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அதை முழுசாக மூடாது, சொட்டிச் சொட்டியே மதியத்துக்குள் பல லிட்டர் மண்ணில் போய்விடும். அழுத்தும் குழாய் கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும், முகாமுக்கு அதுதான் சரி. அதிலும் பொத்தானைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். பெரியவர் கட்டைவிரலுக்கே விறைப்பாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் இரண்டு கையாலும் அழுத்துவார்கள், டம்ளரைப் பிடிக்கக் கை இருக்காது.

குழாய் ஒழுக ஆரம்பிப்பது வாரத்தின் நடுவில்தான். ஜக்கின் சுவருக்கு வெளியே ஒரு வாஷர், உள்ளே ஒரு வாஷர், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நட். பிள்ளைகள் குழாயைப் பிடித்து இழுக்க இழுக்க நட் தளரும். உடனே ஸ்பானர் போட்டு இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிளாஸ்டிக் மரை அழிந்துவிடும், இல்லையென்றால் சுவரே விரிசல் விடும். கையால் இறுகும் வரை திருகி, அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவு போதும். அப்படியும் சொட்டினால் வாஷர் தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். முகாம் தொடங்கும் முன்பே ஒரு மாற்றுக் குழாயும் நாலு சிலிக்கான் வாஷரும் வாங்கி வைத்துவிடுங்கள். குழாய் தனியாகக் கிடைக்காத ஜக்கை வாங்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். மூடியை இறுக்கி மூடினால் உள்ளே காற்று போக வழியில்லாமல், தண்ணீர் முதலில் வேகமாக வந்து பிறகு நூலாக இளைத்து நின்றுவிடும். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் போய்விடுவார்கள். மூடியில் காற்றுத் துளை இருந்தால் அதைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். மட்டம் இறங்க இறங்க வேகம் எப்படியும் குறையும் என்பதால் கால் ஜக் மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும். குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் கடைசித் தண்ணீர் சாய்த்தால்தான் வரும். ஜக்கைத் தரையில் வைத்தால் குழாய்க்கடியில் டம்ளர் நுழையாது. பெஞ்சின் ஓரத்தில் குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். நிரப்பிய ஜக் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், கைப்பிடி அந்தப் பாரத்தை வாரம் முழுக்கத் தாங்காது. காலியாகத் தூக்கிப்போய், வைத்த இடத்திலேயே நிரப்புவதுதான் முறை.

பன்னிரண்டு மணி நேரம் ஜில்லென்று இருக்கும் என்ற விளம்பரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மூடியைத் திறக்காத ஜக்குக்குப் பொருந்தும். தெர்மாகோல் அடைத்த ஜக்கைவிட பியூ ஃபோம் ஜக்கில் குளிர்ச்சி நிற்கும். பல ஜக்குகளில் சுவரில் ஃபோம் இருக்கும், மூடி வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். கடையில் மூடியை விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருந்தால் சத்தமே சொல்லிவிடும். சென்னை போன்ற ஈரக்காற்று உள்ள ஊரில், ஐஸ் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் வெளிச்சுவர் வியர்த்தால் காப்பு சரியில்லை.

ஐஸ் விஷயத்தில் ஒரு கண்டிப்பு: மீன் சந்தைக்குப் போகும் பார் ஐஸ் பக்கமே போகாதீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி குடிநீர் நிரப்பி இரவே ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் பாட்டிலின் வெளிப்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு ஜக்குக்கு நாலு பாட்டில் போடுங்கள். அது மூன்று கிலோ ஐஸ். 32 டிகிரியில் இருக்கும் 16 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி பக்கம் கொண்டுவந்துவிடும், பிள்ளைகள் மடமடவென்று குடிக்க அந்தக் குளிர்ச்சி போதும். பாட்டில் இடத்தை அடைக்கும் என்பதால் மூன்று ஜக்கும் சேர்ந்து 48 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சத்துக்கு நிழலில் ஒரு கேன் தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

மண்பானை எங்களுக்குப் பிடித்தமானது. காற்று வறண்டிருக்கும் வேலூர்ப் பக்கம் இரவு நிரப்பிய பானை காலையில் அருமையாக இருக்கும். ஆனால் ஒன்பது மணிக்கு மறுபடி ஊற்றினால் அந்தத் தண்ணீர் குளிரப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் முகாமே முடிந்துவிடும். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு அது சரி, நாற்பது பேருக்குத் தாங்காது.

கழுவுவதில் சோம்பல் கூடாது. தினமும் முகாம் முடிந்ததும் குழாயைக் கழற்றுங்கள். அதன் குழலுக்குள் விரலை விட்டால் வழவழப்பு தட்டுப்படும், நாற்றம் வருவது அங்கிருந்துதான். சின்ன பிரஷ் விட்டுத் தேய்த்து, ஜக்கைக் கவிழ்த்து, மூடியைத் திறந்தே காய வையுங்கள். இதற்காகத்தான் வாய் அகலம் கேட்கிறோம், கை அடிவரை போகாவிட்டால் மூலை அழுக்கு போகாது.

ஜக்கில் தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். ரோஸ்மில்க்கும் எலுமிச்சை ஜூஸும் வாஷரில் வாசனையை ஏற்றி, எறும்பையும் கூட்டிவரும். உப்புப் போட்ட நீர்மோர் எவர்சில்வர் தூக்கில் தனியாக இருக்கட்டும். ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலை எல்லோருக்கும் பொதுவாகக் கரைத்து வைக்கவும் தேவையில்லை, வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த பிள்ளைக்காக நாலைந்து பாக்கெட் கையிருப்பு போதும். பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று படித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிப் பிள்ளைக்கு ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் டெட்ரா பாக்கெட்டை நீட்டினால் வாங்காமல், பொடியாகக் கேளுங்கள்.

பிள்ளைகள் இருபதுக்குள் என்றால் இரண்டு ஜக் போதும். பத்து லிட்டர் ஜக்கை மட்டும் எடுக்காதீர்கள், இடைவேளைக்கு இடைவேளை நிரப்பிக்கொண்டே ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கும்.