உயிர்ப்பன்மையும் சூழலியல் சேவைகளும்: ஓர் இணையவழிப் பாடத்தின் மதிப்புரை

உயிர்வகைகளின் பன்மையையும், இயற்கை நமக்குத் தரும் பயன்களான சூழலியல் சேவைகளையும் பற்றி ஆறு வாரங்கள் நீளும் இந்த இணையவழிப் பாடத்தில் சேர்ந்தபோது, இயற்கையைக் காக்க வேண்டும் என்ற அறிவுரையைப் புதிய படங்களோடு மறுபடியும் கேட்கப்போகிறேன் என்றே எண்ணியிருந்தேன். முதல் இரண்டு வாரங்கள் அந்த எண்ணத்தை மாற்றவில்லை. மூன்றாம் வாரத்தில்தான், பசுமை இருந்தால் போதாதா, அதற்குள் இத்தனை வகை உயிர்கள் எதற்கு என்ற கேள்வியைப் பாடம் நேராக எடுத்துக்கொள்கிறது.

விடை ஒரு தக்காளிப் பூவிலிருந்து தொடங்குகிறது. அப்பூவின் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூம்பாக நிற்பதால், மகரந்தம் அதன் நுனி வழியாகவே உதிர வேண்டும். பம்பிள் தேனீ ஒன்று கூம்பைக் கவ்விப் பிடித்து, சிறகை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது. மெதுவாக ஓட்டிக் காட்டப்படும் காணொளியில், மகரந்தம் பொடியாக அதன் வயிற்றில் கொட்டுவது தெளிவாகத் தெரிகிறது. காற்றின் அசைவிலும் ஓரளவு மகரந்தம் உதிரும் என்றாலும் இந்த அதிர்வு காய்ப்பைக் கூட்டுகிறது. பெட்டிகளில் வளர்க்கும் சாதாரணத் தேனீக்கோ இப்படி அதிர வைக்கத் தெரியாது. எண்ணிக்கையால் வகையை ஈடுகட்ட முடியாது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய பாடத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து வரும், சீடர் க்ரீக் புல்வெளிச் சோதனை பற்றிய பகுதியும் நிதானமாகப் பார்க்கத் தக்கது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சூழலியலாளர் டேவிட் டில்மனும் அவருடைய குழுவினரும் 1994இல் தொடங்கிய அந்தச் சோதனையில், பாத்திகளில் 1, 2, 4, 8, 16 என்ற கணக்கில் புல்வெளித் தாவர இனங்கள் விதைக்கப்பட்டன. இனங்கள் கூடிய பாத்திகளில் விளைச்சல் கூடியது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் குறைந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பயறுவகைச் செடிகள் அருகிலிருக்கும் புற்களுக்கு எப்படி உதவுகின்றன என்பதையும், வறட்சியில் ஓர் இனம் வாடினாலும் மற்றொன்று தாங்கி நிற்பதையும் ஆசிரியர் அவசரமில்லாமல் விளக்குகிறார்.

மனித நலம் பற்றிய ஐந்தாம் வாரத்தில் கழுகுகளின் கதை மட்டும் மனத்தில் நிற்கிறது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த உடல்கள் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளுக்குள் சென்று சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990களில் தொடங்கிய அந்தச் சரிவில் இந்தியாவின் மூன்று கழுகு இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. அகற்றப்படாத உடல்கள் தெருநாய்களுக்கு இரையாயின. நாய்கள் பெருகியதால் வெறிநாய்க்கடி பற்றிய கவலையும் பெருகியது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. இழந்த பிறகே ஒரு பறவையின் வேலை கண்ணுக்குத் தெரிந்தது என்பதை வேறு பல எடுத்துக்காட்டுகளோடும் இணைத்திருக்கலாம். அந்த வாரப் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பெரிய குறை தேர்வுகளில் இருக்கிறது. ஐ.நா. முன்னெடுப்பில் 2005இல் வெளிவந்த ஆயிரமாண்டுச் சூழலமைப்பு மதிப்பீடு என்ற உலக அறிக்கை வகுத்த நான்கு பிரிவுகளை, அதாவது வழங்கும், ஒழுங்குபடுத்தும், பண்பாட்டு, ஆதரிக்கும் சேவைகளை, மனப்பாடம் செய்தால் போதும். முழு மதிப்பெண் கிடைத்துவிடும். மண் உருவாவது என்ற ஆதரிக்கும் சேவையின் பயன், விளைச்சல் என்ற வழங்கும் சேவைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒரே பயனை இருமுறை எண்ணியதாகும் என்று பின்னாளில் எழுந்த விவாதத்தைப் பாடம் தொடவே இல்லை. உலகின் சூழலியல் சேவைகளுக்கு 1997இல் சூழலியல் பொருளியலாளர் ராபர்ட் கோஸ்டான்சா குழுவினர் கணக்கிட்ட ஆண்டுக்கு 33 டிரில்லியன் டாலர் என்ற மதிப்பும் எந்த விளக்கமுமின்றித் திரையில் வந்து போகிறது. இது குறித்து நான் அனுப்பிய கேள்விக்குத் தானியங்கி நன்றி மட்டுமே பதிலாக வந்தது.

தமிழ் வசன வரிகள் படிக்கும்படியாக உள்ளன, ஆனால் ‘சேவை’ என்ற சொல் எனக்கு உறுத்தியது. தேனீ தன் குஞ்சுகளுக்காகவே மகரந்தம் சேர்க்கிறது, நமக்கு ஊழியம் செய்யவில்லை. ‘பயன்’ என்றிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அடிப்படை அறிந்தவர்கள் முதல் இரண்டு வாரங்களைத் தாண்டி நேராக மூன்றாம் வாரத்துக்குச் செல்லலாம். அந்தத் தக்காளிப் பூக் காணொளியை மட்டும் ஒலியோடு பார்க்க வேண்டும், ஏனெனில் அதிர்வு தொடங்கும்போது ரீங்காரத்தின் சுருதி சட்டென உயர்வது காதுக்குத்தான் முதலில் எட்டுகிறது.