கவனம் பற்றிய ஆங்கிலத் தொடர்கள்: லாத்விய மொழிக்குக் கிடைத்த அக்கறை தமிழுக்கும் வேண்டும்

ஆங்கில மரபுத்தொடர்களை அவரவர் தாய்மொழியின் வழியே கற்பிக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு எங்கள் அலுவலகம் ஊழியர்கள் எல்லாருக்குமாகச் சந்தா கட்டியிருக்கிறது. கோலாலம்பூரில் பாங்சார் சவுத்தில் இருந்தபடி ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் கணக்குவழக்குகளைப் பார்க்கும் எங்களுக்கு, லாத்வியாவின் தலைநகரான ரீகாவில் ஓர் இணைக்குழு இருக்கிறது. நமக்கு மாலை 4 மணி என்றால் அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை 10 மணி. அந்த நேரத்தில்தான் இரு தரப்பும் இணையவழிக் கூட்டத்தில் உட்காருகிறோம். இரு தரப்பிலும் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் தாய்மொழியன்று என்பதால், நான் செயலியின் தமிழ்ப் பதிப்பையும் ரீகாவிலுள்ள தோழி லாத்வியப் பதிப்பையும் பயன்படுத்தி வருகிறோம். சந்தா அலுவலகத்தின் பெயரில் இருப்பதால் செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆயினும் இத்தகைய செயலிகளைத் தமக்காகவோ பிள்ளைகளுக்காகவோ வாங்க எண்ணும் தமிழர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவும் என்று நம்புகிறேன்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது, கவனித்தல், கேட்டல், எச்சரிக்கையாயிருத்தல், அசட்டை செய்தல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் தொடர்களும் அடங்கிய பாடப்பகுதியை மட்டுமே. அலுவலக வாழ்க்கையில் மிக அதிகமாகப் புழங்குவன இவைதாம். தவறாகப் புரிந்துகொண்டால் மனத்தாங்கலை உண்டாக்குவனவும் இவைதாம்.

ஆங்கிலப் பகுதி மிக நன்றாக அமைந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தொடருக்கும் பொருளோடு, யார் யாரிடம் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. 'ட்யூலி நோட்டெட்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். மலேசிய அலுவலகங்களில் 'நோட்டெட் வித் தேங்க்ஸ்' என்று பதில் எழுதாத நாளே கிடையாது. அதை நாம் மரியாதையாகவே எழுதுகிறோம். ஆனால் 'ட்யூலி நோட்டெட்' என்பது தனியே வரும்போது, 'சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், அதற்குமேல் எதுவும் செய்வதாக இல்லை' என்ற விறைப்பான தொனியைத் தரக்கூடும் என்று செயலி எச்சரித்து, அதற்கு மாற்றாக எழுதத்தக்க இரண்டு வாக்கியங்களையும் கொடுக்கிறது. 'ஹெட்ஸ் அப்' என்பது முன்கூட்டியே தரும் எச்சரிக்கையைக் குறிக்கும் என்பதையும், 'அஸ்லீப் அட் த ஸ்விட்ச்' என்பது அமெரிக்க ரயில்பாதைத் தொழிலிலிருந்து வந்தது, பொறுப்பில் இருப்பவர் கடமையில் கண்ணயர்ந்துவிட்டதைக் குறிக்கும் கடுமையான சொல் என்பதையும், மேலதிகாரியைப் பற்றி அதைச் சொல்லக் கூடாது என்பதையும் விளக்குகிறது. பள்ளியில் இவற்றை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

மொழிபெயர்ப்புக்கு வந்தால்தான் இரு பதிப்புகளும் வேறு வேறு பாதையில் போகின்றன. 'கீப் அன் ஐ ஆன்' என்ற தொடருக்கு லாத்வியப் பதிப்பு ஒரே விடையைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு 'பியெஸ்கதீத்', எண்களின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து கவனிப்பதற்கு 'ஸேகுவோத் லீட்ஸி', சந்தேகப்படும்படியான ஆளைப் பார்வையிலிருந்து நழுவவிடாமல் இருப்பதற்கு இன்னொரு தொடர் என மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தருகிறது. அவை மூன்றும் தாங்கள் வீட்டில் பேசும் மொழியே என்று தோழி உறுதிப்படுத்தினார். குதிரையோ நாயோ காதை நிமிர்த்துவதிலிருந்து வந்த 'ப்ரிக் அப் யுவர் இயர்ஸ்' என்பதற்கு அவர்களிடம் 'ஸ்பித்ஸேத் அவ்ஸிஸ்' என்று காதைக் கூர்மையாக்கும் தொடர் இருக்கிறது. செயலி அதையே வைத்திருக்கிறது.

தமிழ்ப் பதிப்பில் 'கீப் அன் ஐ ஆன்' என்பதற்கு 'மேல் ஒரு கண்ணை வைத்திரு' என்ற ஒரே விடைதான் உண்டு. 'அவன் மேல் ஒரு கண் வைத்திரு' என்று நாம் சொல்வது உண்மையே. ஆனால் அதில் ஐயம் கலந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் 'என் குழந்தையின் மேல் ஒரு கண்ணை வைத்திருங்கள்' என்று சொல்லும் தமிழ்த்தாய் எவரும் இல்லை; 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா' என்றுதான் சொல்வார். அடுப்பிலிருக்கும் பாலுக்கும் 'பொங்காமல் பார்த்துக்கொள்' என்பதே நம் வழக்கு. மாதக் கடைசியில் வரவேண்டிய பாக்கிகளைப் பற்றிப் பேசும்போது 'கவனித்து வாருங்கள்' என்போம். மூன்று இடங்களுக்கும் மூன்று சொற்கள் நம்மிடம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க, அவற்றை எடுத்து வைக்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

இது ஒரு தொடரோடு நிற்கவில்லை. 'ஐ ஆம் ஆல் இயர்ஸ்' என்பது 'நான் எல்லாக் காதுகளும்' என்று வந்திருந்தது; 'சொல்லுங்கள், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்' என்று வந்திருக்க வேண்டியது அது. 'டர்ன் அ டெஃப் இயர்' என்பது 'செவிட்டுக் காதைத் திருப்பு' ஆகியிருக்கிறது. காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது என்ற தொடர் செயலியின் தமிழில் எங்குமே இல்லை. லண்டன் பாதாள ரயிலில் 1968 வாக்கில் புழக்கத்துக்கு வந்து உலகெங்கும் பரவிய 'மைண்ட் த கேப்' என்ற அறிவிப்புக்கு 'இடைவெளியை மனத்தில் கொள்ளவும்' என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர் எல்.ஆர்.டி. நகர ரயில் மேடையில் நிற்கும் பாட்டியிடம் 'இடைவெளி இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்' என்று சொன்னால்தான் பயன் உண்டு. மனத்தில் கொள்ளச் சொன்னால் அவர் எதை என்று கேட்பார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது மட்டும் தமிழில் சரியாக வந்திருக்கிறது. அது ஆங்கிலம், தமிழ், மலாய், லாத்வியம் நான்கிலும் ஏறக்குறைய ஒரே படிமமாக இருப்பதால், சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் பிழைக்க முடிந்திருக்கிறது.

லாத்வியாவின் மக்கள்தொகை சுமார் 1.9 மில்லியன். இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 69 மில்லியன் பேர். ஆகவே பேசுவோர் எண்ணிக்கையைக் காரணம் காட்ட இடமில்லை. 2004-இல் லாத்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதன் மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. அன்றுமுதல் சட்டங்களும் அறிவிப்புகளும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களால் இடைவிடாமல் அந்த மொழிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. ஆங்கிலத்துக்கு நேராக வைத்துப் பார்க்கத்தக்க நல்ல மொழிபெயர்ப்பு மலைபோல் சேர்ந்திருக்கிறது. அதைச் செய்து பழகியவர்களும் இருக்கிறார்கள். ஒரு மொழிக்கு அரசும் நிறுவனங்களும் கூலி கொடுத்து வேலை வாங்கும்போது அதன் பலன் இப்படிக் கைப்பேசித் திரை வரை வந்து சேர்கிறது. தமிழுக்கும் இது முடியாததன்று. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் அது ஆட்சிமொழி. மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்திருந்தால், ஒரு வார விடுமுறையில் திருத்திக் கொடுத்திருப்பார்.

மற்ற வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கில உச்சரிப்பு ஒலிப்பதிவுகள் தெளிவாக உள்ளன. பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிகளைத் தனித்தனியே கேட்கலாம். பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். தமிழில் தட்டித் தேடும் வசதி சரியில்லை: 'கவனம்' என்று தேடினால் கிடைப்பது 'கவனத்தை' என்று தேடினால் கிடைப்பதில்லை. லாத்வியமும் வேற்றுமை உருபுகள் ஏறும் மொழியே. அங்கே எந்த வடிவில் தேடினாலும் சொல் வந்துவிடுகிறது. எழுத்துரு அளவைப் பெரிதாக்கினால் தமிழ் வரிகள், ஒவ்வொரு தொடரையும் காட்டும் திரை அட்டைக்கு வெளியே போய்விடுகின்றன.

பிழையைத் தெரிவிக்கும் பொத்தான் ஒவ்வோர் அட்டையிலும் இருக்கிறது. மேலே சொன்ன தொடர்கள் அனைத்துக்கும் சரியான தமிழை எழுதி அனுப்பினேன். தானியங்கி நன்றி மடல் வந்தது; பின்னர் 'ஆல் இயர்ஸ்' மட்டும் திருத்தப்பட்டது, அதுவும் நான் எழுதியபடியே. ஆகவே அனுப்புவது வீண்போகவில்லை. நம்மில் பலரும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதைய நிலையில் ஆங்கிலப் பகுதிக்கு 5-க்கு 4½, தமிழ்ப் பகுதிக்கு 5-க்கு 1½ கொடுப்பேன். தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளியில் மலாயும் நன்கு கற்ற பிள்ளைகளுக்கு, அமைப்பில் மலாயைத் தேர்ந்துகொள்வதே இப்போதைக்கு நல்லது. அதன் மொழிபெயர்ப்பு லாத்வியத்தின் அளவுக்கு விரிவாக இல்லாவிட்டாலும் 'பாசாங் தெலிங்கா' (காது கொடுத்துக் கேட்பது) போன்ற இயல்பான தொடர்களைக் கொண்டிருக்கிறது. தமிழ் மட்டுமே துணை என்றிருக்கும் பெரியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுச் சந்தா மாதக் கட்டணத்தைவிட மலிவாகத் தெரிந்தாலும் முதலில் ஒரு மாதத்துக்கே கட்டுங்கள். கட்டுவதற்கு முன் இலவசமாகத் திறந்திருக்கும் முதல் பாடத்தில் 'கீப் அன் ஐ ஆன்' அட்டையைத் தமிழில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் மூன்று விடைகள் வந்திருந்தால், திருத்தும் வேலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.