வாக்கி டாக்கியில் "மெமரி பேட்டரி" மாற்றினேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

அமெச்சூர் ரேடியோ நண்பர்கள், அதிலும் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்து முதல் செட் வாங்கியவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் குவான்ஷெங் யுவி-கே5 செட்டில் ஸ்பீக்கர் கரகரத்தது. செல்போனோடு வாக்கி டாக்கியும் பார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் போனால் பில் 1,150 ரூபாய். ஸ்பீக்கரும் கூலியும் 500, மீதி எதற்கு என்று கேட்டதற்கு, "சார், உள்ளே மெமரி பேட்டரி செத்துப்போச்சு, சேனல் எல்லாம் அழிஞ்சுடுச்சு, புதுசு போட்டு சேனலையும் ஏத்திட்டேன்" என்றார். போட்டுப் பார்த்தேன், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) சேனல்கள் இருந்தன. கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் தொல்லை தொடங்கியது. பேட்டரி மூன்று கோடு காட்டும்போதே செட் அணைந்துவிடும். முன்பு தெளிவாகக் கேட்ட தூரத்து நிலையங்களுக்கு ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சல் கேட்காமல் ஸ்பீக்கரை அடைத்து வைக்கும் அமைப்பு) திறக்கவே இல்லை, எளிதில் திறக்கும்படி அதை 1-இல் வைத்தாலும் அப்படித்தான். ரீசெட் செய்து பார்த்தேன், மாறவில்லை. திரும்ப எடுத்துப் போனால், "போர்டு வீக் ஆயிடுச்சு சார், மாத்த 1,800 ஆகும்" என்றார்.

அன்று இரவு ஒரு மூத்த ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "கே5-இல் ஏதுப்பா மெமரி பேட்டரி?"

உண்மைதான், கிடையாது. இந்த செட்டுக்குள் மூன்று வகை மெமரி இருக்கிறது. ஃபர்ம்வேர், அதாவது செட்டை இயக்கும் நிரல், இருப்பது கன்ட்ரோலர் சிப்பின் 64 கேபி ஃப்ளாஷில். செட் ஓடும்போது கணக்குப் போட 16 கேபி ராம்; அணைத்தால் அதில் இருப்பது போய்விடும், போனால் நஷ்டமும் இல்லை. மூன்றாவது தனியாக ஒரு சின்ன ஈஈப்ராம் சிப், 8 கேபி, அதாவது 8,192 பைட். உங்கள் 200 சேனல், அவற்றின் பெயர், மெனு அமைப்புகள் எல்லாம் இதில்தான். மின்சாரமே இல்லாமல் பல வருடம் அப்படியே இருக்கும். பிறகு எதைக் காப்பாற்ற உள்ளே ஒரு பேட்டரி?

மெமரி பேட்டரி என்பது பழைய செட்களில் இருந்தது. ஐகாம் ஐசி-751 போன்றவற்றில் செட்டை இயக்கும் நிரலையே ஒரு ராம் போர்டில் வைத்து, லித்தியம் பேட்டரியால் உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தப் பேட்டரி தீர்ந்தால் செட்டே வேலை செய்யாது. அந்தப் பழைய விஷயத்தைச் சொல்லி என்னிடம் 650 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. ஈஈப்ராமில் கடைசி 512 பைட்தான் காலிப்ரேஷன், அதாவது செட்டின் அளவுத் திருத்த எண்கள். எந்த சிக்னல் அளவில் ஸ்குவெல்ச் திறக்கணும், எந்தப் பேண்டில் எவ்வளவு பவர், பேட்டரி வோல்டேஜை எப்படிப் படிக்கணும், கிரிஸ்டல் எவ்வளவு பிசகுகிறது, இதெல்லாம் அந்த ஒரு செட்டை மட்டும் அளந்து தொழிற்சாலையில் எழுதியது. மெனுவில் ரீசெட் கொடுத்தாலும் இந்தப் பகுதி பழைய நிலைக்கு வராது, ஏனென்றால் ரீசெட் அதைத் தொடுவதே இல்லை. கடைக்காரர் எப்படியோ என் சேனல்களை அழித்துவிட்டு, அதை மறைக்க வேறொரு செட்டின் 8,192 பைட்டையும் அப்படியே என் செட்டில் கொட்டிவிட்டார். சேனல் வந்துவிட்டது, காலிப்ரேஷனும் வேறு செட்டினுடையதாகிவிட்டது.

ஊகமாகச் சொல்லவில்லை. செட் வாங்கிய வாரத்தில் சிர்ப் என்ற, செட்டின் மெமரியைக் கணினியில் படித்து எழுதும் மென்பொருளில் படித்து வைத்த கோப்பு என் லேப்டாப்பில் இருந்தது. சிர்ப் இந்த செட்டைப் படிக்கும்போது காலிப்ரேஷனையும் சேர்த்தே கோப்பில் வைக்கும், திரும்ப எழுதும்போதுதான் வழக்கமாக அந்தப் பகுதியை விட்டுவிடும். பழைய கோப்பையும் புதிதாகப் படித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடைசி 512 பைட்டில் நிறைய எண்கள் வேறு. அதே கடையில் செட் கொடுத்த இன்னொரு நண்பரின் செட்டையும் படித்தோம். அவருடையதும் என்னுடையதும் ஒரு பைட்கூட மாறாமல் ஒன்றாக இருந்தன! இரண்டு செட்டுக்கு அப்படி அமையவே அமையாது.

பழைய 512 பைட்டை எழுதியதும் என் செட் சரியாகிவிட்டது. போர்டும் நன்றாக இருக்கிறது, எதுவும் வீக் ஆகவில்லை. கடைக்குப் போய், கழற்றிய பேட்டரியைக் காட்டுங்கள் என்றேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். பணமும் வரவில்லை.

செட்டை யாரிடம் கொடுத்தாலும், ஃபர்ம்வேர் மாற்றுவதாக இருந்தாலும், முதலில் முழு 8 கேபியையும் படித்து, செட்டின் சீரியல் எண்ணைப் பெயராக வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். செட்டைக் கணினியோடு இணைக்கும் கேபிள் இல்லையென்றால் யாரிடமாவது கேளுங்கள், ஒரு நிமிட வேலை. கடையில் "மெமரி போச்சு" என்றால் ஃப்ளாஷா, ஈஈப்ராமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் செட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அந்த நண்பரிடம் பழைய கோப்பு இல்லை. அவர் செட்டின் அசல் எண்கள் இனி எங்கும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மல்டிமீட்டரையும் பவர் மீட்டரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேட்டரி அளவு சரியாகிவிட்டது, ஸ்குவெல்ச் இன்னும் பிடிபடவில்லை.