சி++ பெயரா, சி பெயரா? லைப்ரரியைப் பிற மொழிகளோடு பகிரும்போது

கல்லணையில் திறக்கும் தண்ணீரை டி.எம்.சி.யாக (நூறு கோடி கனஅடி) மாற்ற ஒரு ஃபங்ஷன் வேண்டும். பெயர் ‘டிஎம்சி’. வினாடிக்கு எத்தனை கனஅடி என்பது டபுள் (தசம எண்), எத்தனை நாள் என்பது இன்ட் (முழு எண்). 10,000 கனஅடி, ஒரு நாள் என்றால் 0.864 வர வேண்டும். தஞ்சாவூரில் சி++இல் எழுதியதைக் கும்பகோணத்தில் பைத்தானிலிருந்து அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சி++ வழக்கப்படியே விட்டால், உள்ளீடுகளின் வகையும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்: லினக்ஸில் ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் (கோடை இயங்கும் வடிவுக்கு மாற்றும் நிரல்கள்) அதை ‘_இசட்3டிஎம்சிடிஐ’ என்று பதியும். 3 என்பது பெயரின் ஆங்கில எழுத்து எண்ணிக்கை. கடைசியில் உள்ள டி டபுளுக்கு, ஐ இன்ட்டுக்கு. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கேள்விக்குறியில் தொடங்கும் வேறொரு பெயரைத் தரும். அதில் திருப்பித் தரும் வகையும் உண்டு. இது வீண் அலங்காரம் அல்ல. திருப்பித் தரும் வகையை மட்டும் டபுளிலிருந்து ஃப்ளோட்டாக (துல்லியம் குறைந்த தசம எண்) மாற்றிவிட்டு, அழைக்கும் கோடை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டால் கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் மைக்ரோசாஃப்ட் லிங்கர் உடனே மறுக்கும். ஜிசிசியில் சத்தமில்லாமல் இணைந்து, தப்பான விடை வரும்.

‘எக்ஸ்டர்ன் "சி"’ என்று அறிவிப்பில் போட்டால் வகை ஒட்டாது, பெயர் வெறும் ‘டிஎம்சி’. பைத்தான், சி ஷார்ப், ரஸ்ட் எல்லாம் சுலபமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் பெயரில் வகை இல்லாததால் காவலும் இல்லை. சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ், விடை இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும், 0.864க்குப் பதில் ஏதோ ஒரு முழு எண் வரும். விடையின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப், உள்ளீடுகளின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸ் இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் வைக்க முடியாது. ‘டிஎம்சி_நாள்’, ‘டிஎம்சி_மணி’ என்று பிரிக்க வேண்டியதுதான். சி++இன் ஸ்ட்ரிங், வெக்டர் எதையும் வெளியே விடாமல் பாயின்டரும் (மெமரி முகவரி) நீளமும் கொடுங்கள். எக்ஸெப்ஷனை (ஓடும்போது எழும் பிழை) உள்ளேயே பிடித்துப் பிழை எண்ணாகத் திருப்புங்கள். லைப்ரரி ஒதுக்கிய மெமரியை விடுவிக்க லைப்ரரியிலேயே தனி ஃபங்ஷன் வையுங்கள்.

பழைய ஃபோர்ட்ரான் கணக்கு இருந்தால்? ஜிஃபோர்ட்ரான் பெயரைச் சிறிய எழுத்தாக்கி, பின்னால் அடிக்கோடு சேர்க்கும். மதிப்புக்குப் பதில் முகவரியை எதிர்பார்க்கும். ஃபோர்ட்ரான் 2003 முதல் இருக்கும் ‘பைண்ட்(சி)’ பெயரைச் சரிசெய்யும்; மதிப்பாக அனுப்ப ‘வேல்யூ’வையும் சேர்க்க வேண்டும்.

எங்கள் தேர்வு: ஒரே கம்பைலர், ஒரே குழு என்றால் சி++ பெயரே பாதுகாப்பு. மொழி மாறும் எல்லையில் மட்டும் மெல்லிய சி உறை. அனுப்புமுன், லைப்ரரி வெளியே காட்டும் பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம் -டி’ (nm -D) கட்டளையை ஓட்டுங்கள். விண்டோஸில் ‘டம்ப்பின் /எக்ஸ்போர்ட்ஸ்’. பட்டியலில் பெயர் ‘_இசட்’ என்றோ, மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கேள்விக்குறியிலோ தொடங்கினால், அந்த ஃபங்ஷனின் அறிவிப்பில் ‘எக்ஸ்டர்ன் "சி"’ விட்டுப்போயிருக்கிறது.