பழைய பீரோவுக்குப் புது வண்ணம்: மதுரை முனிச்சாலைப் பக்கத்துப் பட்டறை ஒன்று

எங்கள் வீட்டு இரும்பு பீரோ என் அம்மாவின் சீதனமாக வந்தது. ஆறரை அடி உயரம், கனத்த தகடு. அடிப்பாகம் துருவேறி, கைப்பிடியைத் திருப்பினால் மேல்கம்பி மட்டும் நகர்ந்து கீழ்க்கம்பி அசையாமல் நிற்கும் நிலைக்கு அது வந்திருந்தது. துணிகளும் இடம் கொள்ளாமல் பிதுங்கின. ஆகவே ஆடித் தள்ளுபடியில் மூன்று கதவு பீரோ ஒன்றை 27,000 ரூபாய்க்குப் பேசி, திங்களன்று முன்பணம் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

இடையில் வந்த ஞாயிறு 2025 ஆகஸ்ட் 3. திருப்பலியில் லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. விளைச்சல் மிகுந்ததும் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமை அது. பலமுறை கேட்டதுதான் என்றாலும், வைக்க இடமில்லையே என்று நானும் மனைவியும் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்த அதே பேச்சை அவனும் பேசுகிறான் என்பது அன்றுதான் உறைத்தது. நிலம் நன்றாக விளைந்தது அவன் குற்றமன்று. அவன் போடும் கணக்கில் அவனைத் தவிர வேறொரு மனிதர் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த புனித பசிலியார், இதே உவமையை விளக்கும்போது, பெட்டியில் பூட்டி வைத்த உடை உடுக்க இல்லாதவருக்கு உரியது என்று சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை பீரோவைக் கட்டிலில் கொட்டினோம். என் சட்டைகள் மட்டும் முப்பத்தொன்று. அவற்றில் நான்கின் கழுத்துப்பட்டையில் கடைக்காரர் குத்திய குண்டூசிகூட எடுக்கப்படவில்லை. அவற்றையும் கிழியாத சேலைகளையும் எங்கள் பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சேர்த்தபின், பழைய பீரோவில் ஒரு தட்டு முழுதாக மிஞ்சியது.

முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் பட்டறைக்குக் குட்டியானையில் ஏற்றிச் சென்றோம். அங்கே புது பீரோக்களும் விற்பனைக்கு நின்றன. ஆனாலும் பட்டறைக்காரர் பக்கத் தகட்டை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "தகடு கல்லு மாதிரி இருக்கு சார், காலு மட்டுந்தான் போயிருக்கு, இதைப் போயி மாத்தாதீங்க" என்றார். எளிதாக ஒரு புதியதை நம் தலையில் கட்டியிருக்கக்கூடிய இடத்தில் அவர் சொன்ன அந்தச் சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன். துருப்பிடித்த அடிப்பகுதியை வெட்டியெடுத்துப் புது ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தார்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, ஒடுங்கிய இடங்களுக்குப் பட்டி பார்த்துத் தேய்த்து, அதன்மேல் சாம்பல் வண்ணம் ஸ்பிரே செய்தார்கள். பூட்டின் கம்பிகள் நேராக்கப்பட்டன. வண்டி வாடகை உட்பட 5,200 ரூபாய் ஆனது.

குறைகளும் உண்டு. ஒரு வாரம் என்றவர்கள் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். லாக்கர் கதவின் உட்புறத்தில் வண்ணம் வழிந்து காய்ந்திருக்கிறது. கொடுக்கும் முன் கண்ணாடியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்தபின் மூன்று நாளாவது கதவுகளைத் திறந்துபோட்டால்தான் பெயிண்ட் வாடை துணியில் ஏறாது. பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு சாவிகளையும் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எங்களுடையதில் ஒன்று இன்னும் சற்று இறுக்கமாகவே இருக்கிறது.