ஆளுக்கொரு நுண்ணோக்கி: ஆறாம் வகுப்பில் ஃபோல்ட்ஸ்கோப்

ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் 29 வருடம் லேப் அட்டெண்டராக இருந்தவன் நான். நுண்ணோக்கிகளைத் துடைப்பது, எண்ணுவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அலமாரியில் பூட்டுவது, இதுதான் வேலை. மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடித்துவிட்டால் அந்த வருடத்துக்கு அந்தக் கருவி அவ்வளவுதான். அதனால் யாராவது கொஞ்சம் வேகமாகக் குமிழைத் திருகினாலே எனக்குப் பதறும். "தொடாதீங்க, நான் வச்சுத் தர்றேன்" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது.

போன ஜூலையில் என் பேத்தியின் டீச்சர் கூப்பிட்டார். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளம் பக்கம் ஒரு தமிழ் மீடியம் யு.பி. (அப்பர் பிரைமரி) பள்ளி. ஆறாம் வகுப்பில் 32 பிள்ளைகள், நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. "வரிசையில நிக்க வச்சு ஆளுக்கு அரை நிமிஷம் காட்டறோம்ங்க. என்ன பார்த்தோம்னு யாருக்கும் தெரியறதில்ல" என்றார். பெற்றோர்களும் ஆசிரியர்களும் பணம் போட்டு ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினோம். ஒரு வருடம் வாரம் ஒரு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

ஃபோல்ட்ஸ்கோப் என்பது மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. 2014இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தபோது, பாகங்களின் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று எழுதியிருந்தார்கள். நனைந்தாலும் ஊறாத காகிதம். நடுவில் ஒரே ஒரு சின்னக் கண்ணாடி மணி, அதுதான் லென்ஸ். 1670களில் லூவன்ஹாக் என்ற துணி வியாபாரி நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் இப்படி ஒற்றை லென்சை வைத்துத்தான் குளத்து நீரில் உயிர்களைப் பார்த்தார்.

இது 140 மடங்கு பெரிதாக்கும். கல்லூரி நுண்ணோக்கியில் 10, 40, 100 என்று மூன்று லென்ஸ் இருக்கும். கண் வைக்கும் லென்ஸ் 10 மடங்கு, ஆக 100, 400, 1000 மடங்கு. அப்படிப் பார்த்தால் ஃபோல்ட்ஸ்கோப் நம் சின்ன லென்சுக்குக் கொஞ்சம் மேலே, நடு லென்சுக்கு ரொம்பக் கீழே. இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

எங்களுக்கு வந்த பெட்டியில் இரண்டு செட் குறைவாக இருந்தது. ஆன்லைனில் விற்ற கடைக்காரர் அதை அனுப்பி வைக்க மூன்று வாரம் ஆக்கினார். பெட்டி வந்த அன்றே பிரித்து எண்ணிவிடுங்கள்.

மடிப்பதற்கு ஒரு பீரியட் என்று கணக்குப் போட்டோம், இரண்டு பீரியட் ஆனது. மடிக்கும் வரிசையைக் கரும்பலகையில் தமிழில் எழுதிப் போட்டேன். ஆனால் அந்த நேரம் வீண் இல்லை. தன் கையால் மடித்ததால் லென்ஸ் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் வரவேண்டும், ஃபோகஸுக்கு எந்தக் காகிதத்தை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒருவருக்கும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பையன் அவசரத்தில் ஓரத்தைக் கிழித்துவிட்டு அழுகிற மாதிரி என்னைப் பார்த்தான். செலோ டேப் ஒட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதுதான் அவனுடையது, நன்றாகவே தெரிகிறது. கல்லூரியில் ஒரு கருவி இப்படிச் சேதமாகியிருந்தால் அந்தப் பையன் அப்புறம் ஆய்வகத்துக்குள் வரவே பயந்திருப்பான்.

முதல் மாதம் வெங்காயத் தோல், செம்பருத்தி மகரந்தம், இலையின் அடிப்பக்கத் தோல். மகரந்தம்தான் எல்லோருக்கும் பிடித்தது. பலாப்பிஞ்சு போல உருண்டை, சுற்றிலும் முள். நாங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் இடம். கவர் ஸ்லிப் (பார்க்கும் பொருள்மேல் மூடும் மெல்லிய தகடு) பறந்துவிடும், ஜன்னலை ஒருக்களித்துத்தான் வேலை செய்ய முடியும். வெளிச்சத்துக்கு வானத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சூரியனுக்கு நேராக ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண் போய்விடும். இதை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் வார்த்தையாகச் சொல்வேன்.

அப்புறம் வைக்கோல் தண்ணீர். கல்லூரியில் பிராக்டிகல் பரீட்சைக்காக வருடா வருடம் நான் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரியை வளர்த்த முறை அது. ஒரு கைப்பிடி வைக்கோலைக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். ஒரு நாள் கழித்து வாய்க்கால் தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றி நிழலில் வைத்தால், ஐந்தாறு நாளில் மேலே ஏடு படிந்து நாற்றம் வரும். வைக்கோலில் பெருகும் பாக்டீரியாவைத் தின்றுதான் பாரமீசியம் பெருகுகிறது. வைக்கோல் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள், தண்ணீர் தென்னந்தோப்பு வாய்க்காலில் எடுத்தது.

முதலில் யாருக்கும் எதுவும் நிற்கவில்லை. பாரமீசியம் சர்ரென்று ஓடி மறைந்துவிடும். கொஞ்சம் பஞ்சை மயிரிழையாகப் பிரித்து அந்தத் துளியில் போடச் சொன்னேன். இழைகளுக்கு நடுவே பாத்தி கட்டியது போல இடம் கிடைக்கும், அதற்குள் மாட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். ஐந்து நிமிடம் வகுப்பில் சத்தமே இல்லை. திடீரென்று பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். "அப்புச்சி, இது முட்டிட்டுத் திரும்பிப் போவுதுங்க! வழி தேடுதுங்க!" என் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு மொத்த வகுப்புக்கும் நான் அப்புச்சிதான். பஞ்சிழையில் மோதிப் பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி, மறுபடி முன்னே போவதை அவள் தானாகக் கவனித்திருக்கிறாள். டிகிரி மாணவர்களுக்கு நானே வைத்துக் கொடுத்த 29 வருடத்தில் அதை யாரும் என்னிடம் ஓடி வந்து சொன்னதில்லை. அவர்கள் பார்த்தது நான் வைத்துக் கொடுத்ததை.

குறையையும் சொல்ல வேண்டும். தயிரில் பாக்டீரியா இருக்கிறது என்று பாடம் படித்த பிள்ளைகள் டப்பா டப்பாவாகத் தயிர் கொண்டுவந்தார்கள். தெரிந்தது கொழுப்புத் துளிகள்தான். இந்தக் கருவி பிரித்துக் காட்டுவது சுமார் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான், தயிர் பாக்டீரியாவின் அகலம் அதைவிடக் குறைவு. அன்றைக்கு அவர்கள் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடி போட்ட பிள்ளைகள் அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது, கண்ணை லென்சுக்கு ரொம்ப ஒட்டி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்க்க முடியாது. அதற்குக் காந்த வளையம் இருக்கிறது, போன் கேமராவில் ஒட்டினால் எல்லோருக்கும் காட்டலாம். டீச்சர் போனில்தான் பாரமீசியத்தை வீடியோ எடுத்தோம்.

இன்னொன்று. கூச்சப்படும் பிள்ளை ஒன்றும் தெரியாவிட்டாலும் "தெரியுதுங்க" என்றுவிடும். வரையச் சொல்லுங்கள், உண்மை வந்துவிடும். கறுப்பு விளிம்போடு வட்டம் வட்டமாக வரைந்திருந்தால் அது காற்றுக்குமிழி, செல் இல்லை. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்கக் காட்டிக்கொடுத்தால் போதும்.

வாங்குவதாக இருந்தால் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். முடியாவிட்டால் இருவருக்கு ஒன்று, அதற்கு மேல் பங்கு போட்டால் பழைய வரிசைக் கதைதான். ஏழாம் வகுப்புக்குப் போகும்போது அவரவர் கருவியை அவரவர் கையிலேயே கொடுத்துவிடச் சொல்லி டீச்சரிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார். என் பேத்தி தன்னுடையதை அறிவியல் நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். நேற்று மாட்டுத் தொட்டியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.