நெடுந்தீவின் வழியோர அதிசயங்கள்: ஓட்டோச் சுற்றுலா எப்படி இருக்கிறது?

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் பயணித்தால் நெடுந்தீவு வந்துவிடும். துறையடியில் காத்து நிற்கும் ஓட்டோக்காரர்கள் தீவு முழுவதையும் சுற்றிக் காட்ட ஒரே வாடகையாகப் பேசுகிறார்கள். நியாயமான விலைதான், ஆனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பயணிகள்தான் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

வழக்கமான சுற்றில் முதலிடம் பெறுபவை வளரும் கல்லும் பெரிய பாதச் சுவடும் ஆகும். ஆண்டுக்காண்டு வளர்வதாக ஊரார் நம்பும் அந்தக் கல்லுக்குப் பூ வைத்து வழிபடுகிறார்கள். பாறையில் பதிந்திருக்கும் சுவட்டை அனுமனுடையது என்பாரும் உண்டு, ஆதாமுடையது என்பாரும் உண்டு. படம் எடுக்கும் அவசரத்தில் பலர் கேட்காமல் விடுகிற இக்கதைகளை, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வாயால் கேட்பதே இவ்விடங்களின் உண்மையான சுவை என்பது என் எண்ணம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கு (பாவோபாப்) மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். உள்ளே பட்டையில் பெயர் செதுக்கியிருப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது. அங்கே ஒரு காவலாளியாவது இருந்தாக வேண்டும்.

வைத்தியசாலைக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டையும், தூதுப் புறாக்கள் வளர்த்த புறாக்கூடும் சற்று நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடியவை.

எங்கள் ஓட்டோ நிற்காமலே கடந்துபோன இடம்தான் என் பார்வையில் தீவின் தலைசிறந்த காட்சி: முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்கள். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல், ஒரு கல்லின் மேட்டை இன்னொன்றின் பள்ளத்தில் பொருத்தி அடுக்கி, வளவுக்கு வளவு எல்லை கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிர்கள் வாழ்ந்த சிறு குழிகள் ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாய்த் தெரியும். இதைக் காட்டாமல் ஒரு சுற்றுலா முடிவது பெருங்குறை. வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த ஒழுங்கைகளில் இறங்கி நடந்தே ஆக வேண்டும். ஏறி நின்று படம் எடுத்தால் கல் சரிந்துவிடும் என்பதால் மதிலில் கால் வைக்காதீர்கள்.

தெற்குப் புறத்து வெளியில் மேயும் மட்டக் குதிரைகள் வறட்சிக் காலத்தில் நீரின்றித் தவிக்கின்றன. அவற்றைப் படத்துக்காக வண்டியில் துரத்தும்படி கேட்பவர்களுக்குச் சாரதிகள் உறுதியாக மறுப்புச் சொல்ல வேண்டும். வெயிலுக்குத் தொப்பியும் போதிய குடிநீரும் கொண்டு காலைப் படகிலேயே போங்கள். திரும்பும் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டுவிட்டு ஓட்டோ ஏறுங்கள்.